நாற்பதாம் நம்பர் ஆயில்

குற்றாலத்து அருவிக்கரை. எனக்கு முன்னால் வரிசையில் நின்ற இருவர் உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நரைத்தவர் கேட்டார்:

"மோட்டார் சைக்கிளுக்கு முப்பதாம் நம்பர் ஆயில் நல்லதா, நாப்பதா?"

"ஒங்களுக்கு ஏது வண்டி அண்ணாச்சி?" என்றார் மற்றவர்.

"மகளுக்குச் சீதனமாக் குடுத்தது. வீரகேரளம்புதூர் மருமவன் பஸ்ஸுல வடிச்ச பழைய ஆயிலை ஊத்தி ஓட்டிருக்காரு. இஞ்சின் ஜாமாயிட்டு. வண்டி சரியில்லன்னு மகளைக் கொண்டாந்து விட்டுட்டாரு. இஞ்சினை நான் சரிபண்ணிக் குடுத்தாச்சு. இப்ப நல்ல ஆயிலும் வேணுமாம்."

"மகளைக் கூப்பிட வருதாரா?"

"எங்க வர? ஆயில் டப்பாவை மடியில வச்சுக்கிட்டு அவளே பஸ்ல வரணுமாம்."

மற்றவர் கொஞ்ச நேரம் அவர் முதுகில் எண்ணெய் தேய்த்துவிட்டார்.

"அந்த ஊரு வெயிலுக்கு நாப்பதே வாங்கிருங்க அண்ணாச்சி."