ஆற்றங்கரை விருந்தில் கைகள் உயர்ந்தது எதற்காக

என் பெயர் தொக்தோசுன், தகப்பனார் பெயர் ஜுமாலி. வயது ஐம்பத்து நான்கு. நாரின் மாகாணம் அக்-கேச்சூ கிராமத்தில், ஆற்றுப் பாலத்தை ஒட்டிய முதல் வீட்டில் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். சொந்தமாக ஒரு பழைய ஜீப் வைத்து ஓட்டிப் பிழைக்கிறேன். படிப்பு அதிகம் இல்லை. காரணம் என்னவென்று விசாரணை அதிகாரி கேட்டதற்கு, பள்ளிக்கூடம் இருந்த இடத்திலேயே இருந்தது, குதிரை ஓடியது, நான் குதிரையோடு போய்விட்டேன் என்று சொன்னேன். கையெழுத்துப் போடத் தெரியும்.

இவ்வழக்கில் புகார் கொடுத்துள்ள ஊராட்சித் தலைவர் எர்மெக், என் மனைவி சோனுனின் உடன்பிறந்த தம்பி. எங்கள் வழக்கப்படி அக்காள் புருஷன் மைத்துனனைக் கேலி செய்யலாம், மைத்துனன் கோபித்துக்கொள்ளக் கூடாது. இதுவரை அவர் கோபித்துக்கொண்டதில்லை. இந்த வாக்குமூலத்துக்குப் பிறகு எப்படியோ தெரியாது.

காவலில் வைக்கப்பட்டிருக்கும் டாக்டர் ஜிபார் சாதிரோவா அம்மாளைப் பல கோடைகளாகத் தெரியும். அவர் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்து எங்கள் மலையின் பனியையும் தண்ணீரையும் ஆராய்ச்சி செய்பவர். மேலே போக என் ஜீப்பைத்தான் அமர்த்துவார். முதலில் வந்தபோது டாக்டர் என்று கேள்விப்பட்டு ஊர்க் கிழவி ஒருத்தி தன் முழங்காலைக் காட்டினாள். அம்மாள், "நான் பனிக்கட்டிக்கு டாக்டர், பாட்டி" என்றார். கிழவி, "அப்ப வலிக்கிற எடத்துல ஒரு கட்டி வையேன்" என்றாள். அன்றிலிருந்து ஊருக்கு அவர் டாக்டரம்மா, அவருக்கு நான் அண்ணன்.

எங்கள் ஆறு பிறக்கும் இடத்தில், பனிமலையின் அடியில் ஓர் ஏரி இருக்கிறது. அதற்குக் கரை என்று இருப்பது கல்லும் மண்ணும், அவற்றின் வயிற்றுக்குள் கிடக்கும் பழைய பனிக்கட்டியும்தான். அம்மாள் ஒவ்வொரு கோடையிலும் தண்ணீர் மட்டத்தைக் காட்டக் கரைப் பாறையில் சிவப்புப் பெயிண்டால் கோடு போடுவார், நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மறு கோடையில் போனால் கோடு தண்ணீருக்குள் கிடக்கும். சென்ற கோடையில் போனபோது கோடு போட்ட பாறையையே காணவில்லை. நான், "மட்டமான பெயிண்ட்டு டாக்டரம்மா, பாறையையே கரைச்சிருச்சு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் பேச்சுக்கு அவர் சிரிக்காமல் இருந்து அன்றுதான் பார்த்தேன்.

மின் நிலையம் கட்டுவதற்கு நான் எதிரி அல்ல என்பதையும் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். குளிர்காலத்தில் எங்கள் ஊரில் மின்சாரம் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கரியும் சாணியும் எரித்து, என் மனைவி முதல் பனியில் ஆரம்பிக்கும் இருமலை வசந்தத்தில்தான் முடிப்பாள். டாக்டரம்மாவும் எதிரி அல்ல. எங்கள் ஆற்றில் மின்சாரம் எடுக்கலாம் என்று தலைநகருக்கு முதலில் எழுதியதே அவர்தான். "கரிப்புகை படிஞ்சு மேல பனியே கறுத்துக் கெடக்கு அண்ணே. இந்த ஊருக்கு ஆத்துக் கரண்ட்டு வரணும்னு உங்களவிட எனக்கு ஆசை" என்று ஜீப்பில் வரும்போது சொல்வார்.

நிலையத்துக்கு முதலில் குறித்த இடம், ஏரியிலிருந்து ஆறு இறங்கி வெளியே வருகிற மலையிடுக்கின் வாய். அதன் பிறகு ஏரி ஏறிக்கொண்டே போனதால், அந்த இடம் வேண்டாம், மேலே ஏரி இல்லாத பக்கத்துப் பள்ளத்தாக்கான தெகெ-சாய்க்கு மாற்றுங்கள் என்று அம்மாள் சொன்னார். அங்கே பாதை போட்டு ஆரம்பிக்க இன்னும் ஒரு வருடம் ஆகும். பணம் தருவது வெளிநாட்டுப் பருவநிலை நிதி. இந்த வருடத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் அந்தப் பணம் வேறு ஊருக்குப் போய்விடும் என்று எர்மெக் சொன்னார். இலையுதிர் காலத்தில் ஊராட்சித் தேர்தலும் இருக்கிறது. இந்தப் பேச்சு என் ஜீப்புக்குப் பக்கத்தில் நடந்ததால் நான் நேரில் கேட்டேன்.

எர்மெக், "அடுத்த வருஷம் கட்டலாம்னு சொல்றீங்க. அடுத்த வருஷம் நான் தலைவனா இருப்பேனா டாக்டரம்மா?" என்றார்.

அம்மாள், "பனி உருகுதுன்னுதான் உலகம் இந்தப் பணத்தையே கொடுக்குது தலைவரே. அந்த உருகின தண்ணிக்கு நேர் கீழ கொண்டுபோய் வைக்கிறேங்குறீங்க. மேல இருக்குற ஏரிக்கு உங்க தேர்தல் தேதி தெரியாது" என்றார்.

நான், "மாப்ளே, ஏரிக்கும் ஒரு ஓட்டு வாங்கிக் குடுத்துட்டா காத்திருக்குமோ என்னவோ" என்றேன். எர்மெக் சிரித்தார். நல்ல மனிதர்தான். ஊருக்கு வெளிச்சம் கொண்டுவந்தவர் என்று பெயர் வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஆசையில் பொய் இல்லை.

அந்த நிதியின் விதிப்படி, ஊர் கூடிக் கை தூக்கிச் சம்மதிக்க வேண்டும், ஆபத்து இல்லை என்று விஞ்ஞானி ஒருவரும் சம்மதிக்க வேண்டும். வசந்தத்தில் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கை தூக்கச் சொன்னபோது சிலர் தூக்கினார்கள், பலர் தூக்கவில்லை. என் மனைவி முன்வரிசையில் கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். எர்மெக் மேடையிலிருந்து, "அக்கா, கை?" என்று கேட்டதற்கு, "கையில ஊசி இருக்குடா" என்றாள். மண்டபம் சிரித்தது, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

அதன் பிறகு ஆற்றங்கரை விருந்து வந்தது. நல்ல மழை வேண்டியும் கால்நடைகளுக்கு நோய் வராமல் இருக்கவும் வருடா வருடம் ஊர் முழுவதும் ஆற்றங்கரையில் கூடி, ஆடு அறுத்துச் சாப்பிட்டு, பெரியவர் ஒருவரைத் துஆ, அதாவது கை ஏந்திச் செய்யும் வேண்டுதல், ஓதச் சொல்வது எங்கள் வழக்கம். இதற்கு யாரும் வராமல் இருப்பதில்லை, சண்டைக்காரர்களும் வருவார்கள். இந்த வருடம் எர்மெக் தன் செலவில் ஒரு குதிரையும் சேர்த்து அறுத்தார். நான் அந்த வீட்டு மருமகன் என்பதால் கறி பங்கு போடுவது என் வேலை. ஆட்டுத் தலையை ஊரில் மூத்தவரான இமானாலி பெரியவருக்கு வைத்தேன். டாக்டரம்மா அன்றுதான் ஏரியிலிருந்து இறங்கி வந்திருந்தார், அவருக்கு நல்ல எலும்பாகப் பார்த்துக் கொடுத்தேன்.

சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் எர்மெக் போய் பெரியவர் காதில் ஏதோ சொன்னார். அதன் பிறகு பெரியவர் கைகளை ஏந்தி, "மழை பெய்யட்டும், மந்தை பெருகட்டும், பிள்ளைங்க நோயில்லாம இருக்கட்டும், நம்ம ஆறு நம்ம வீட்டுக்கெல்லாம் வெளிச்சம் குடுக்கட்டும்" என்று ஓதினார். எங்களில் யாராவது துஆ ஓத ஆரம்பித்தால் கை தானாக மேலே போய்விடும். வாயில் கறி இருந்தவர்களும் மெல்லுவதை நிறுத்திக் கை ஏந்தினார்கள். டாக்டரம்மா எலும்பை மடியில் வைத்துவிட்டு ஏந்தினார். நான் கத்தியைப் பலகையில் குத்திவிட்டு ஏந்தினேன். மண்டபத்தில் ஊசியைக் காட்டிய என் மனைவியும் ஏந்தினாள்.

அப்போது ஊராட்சி அலுவலகத்து எழுத்தர் வண்டி மேல் ஏறி நின்று போனில் வீடியோப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்து, "கொழுப்புக் கைடா, நல்லா மினுங்கும், எடு" என்று சொன்னேன். எதற்காக எடுக்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. யாரும் யோசிக்கவில்லை. ஓமின், அதாவது அப்படியே ஆகட்டும் என்று சொல்லி, துஆ முடிந்தால் செய்கிறபடி எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தோம்.

அதன் பிறகு மலையிடுக்கு வாய்க்குப் பொக்லைன் இயந்திரங்கள் வந்து இறங்கின. கேட்டதற்கு, ஊர் ஒருமனதாகக் கை தூக்கிவிட்டது, விஞ்ஞானியும் தூக்கியிருக்கிறார் என்று படத்தைக் காட்டினார்கள். படத்தை நானும் பார்த்தேன். எல்லாக் கைகளும் மேலே இருக்கின்றன. முகத்தைத் தடவுவதற்கு முன்பே படம் வெட்டப்பட்டிருக்கிறது. பெரியவர் குரலும் அதில் இல்லை, பாட்டு ஒன்று சேர்த்திருக்கிறார்கள்.

சம்மதிக்காதவர்களும் இப்போது வாயைத் திறப்பதில்லை. வெளிச்சத்துக்குத்தானே துஆ கேட்டோம், ஓமின் சொல்லிவிட்டு இப்போது வேண்டாம் என்றால் சொன்னதைத் திரும்ப வாங்குவது போல ஆகாதா என்று பயப்படுகிறார்கள். இமானாலி பெரியவர் அதன் பிறகு எந்த வீட்டு விசேஷத்துக்கும் போவதில்லை. அழைக்கப் போன என்னிடம், "என் துஆவ எடுத்து வித்துட்டானுங்கப்பா" என்று மட்டும் சொன்னார்.

டாக்டரம்மா, தான் எதற்கும் சம்மதிக்கவில்லை, ஏரிக்குக் கீழே ஆட்களை வைக்கக் கூடாது என்று நிதிக்காரர்களுக்கு எழுதினார். எர்மெக், அவர் ஊர் முன்னால் சம்மதித்துவிட்டு, பிறகு யாரிடமோ பணம் வாங்கிக்கொண்டு மாற்றிப் பேசுகிறார், பொய்யாகப் பீதி கிளப்புகிறார் என்று புகார் கொடுத்தார். அம்மாளை என் ஜீப்பிலிருந்துதான், பாலத்தருகே இறக்கி அழைத்துப் போனார்கள். போகும்போது பெயிண்ட் டப்பாவை என்னிடம் கொடுத்து, "காஞ்சிரப் போகுது அண்ணே, நல்லா மூடி வைங்க" என்றார். மூடி வைத்திருக்கிறேன். அவர் மேல் வழக்கு இருக்கும்வரை அவர் எழுதியதை யாரும் எடுத்துப் படிக்க மாட்டார்கள், வேலையும் நிற்காது என்று சொல்கிறார்கள்.

மலையிடுக்கு வாயில், ஆற்றுப் படுகையிலேயே, வேலைக்காரர்கள் கூடாரம் போட்டுத் தங்கியிருக்கிறார்கள். பொக்லைன் ஓட்டும் என் மகன் மிர்லானும் அங்கேதான் தூங்குகிறான். அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தது அவன் தாய்மாமன் எர்மெக்.

நேற்று மாலை எர்மெக் என் வீட்டுக்கு வந்தார். "நாளைக்கு உங்களக் கூப்பிடுவாங்க மச்சான். அந்தம்மா சம்மதிச்சுத்தான் கை தூக்குச்சுன்னு ஒரு வரி சொல்லுங்க, போதும்" என்றார்.

"நானுந்தான் தூக்கினேன் மாப்ளே. என்னையும் விஞ்ஞானின்னு எழுதிக்கிட்டியா?"

"வெளையாடாதீங்க மச்சான். மிர்லான் வேலையும் இதுலதான் இருக்கு."

"அவன் உசுரும் அங்கதான் இருக்கு."

என் மனைவி தம்பிக்குத் தேநீர் ஊற்றினாள். எங்களிடம் விருந்தாளிக்குக் கோப்பையில் பாதிதான் ஊற்றுவோம், மறுபடி மறுபடி ஊற்ற வேண்டும் என்பதற்காக. விளிம்புவரை ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம். அவள் விளிம்புவரை ஊற்றினாள். எர்மெக் அந்தக் கோப்பையைச் சிந்தாமல் எடுத்துக் குடித்தார், போய்விட்டார்.

அதன் பிறகு மகனுக்குப் போன் செய்தேன். இந்த வெயிலுக்கு ஆறு ஏற வேண்டும், ஆனால் இறங்கியிருக்கிறது என்றான். அவனுக்கு அது சந்தோஷம், தோண்ட வசதியாம். வெயில் காலத்தில் ஆறு வற்றினால் மேலே ஏரியின் வாய் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம், அடைப்பு உடைந்தால் மொத்தத் தண்ணீரும் ஒரேயடியாக இறங்கும், அன்றைக்கு யாரும் படுகையில் நிற்கக் கூடாது என்று டாக்டரம்மா என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். நான் மகனிடம் உடனே வந்துவிடு என்றேன். "பாதியில விட்டுட்டு வந்தா மாமா மூஞ்சில எப்பிடிப்பா முழிக்கிறது?" என்று வைத்துவிட்டான்.

இன்று காலை இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து வராந்தாவில் காத்திருந்தேன். எர்மெக் ஊராட்சி உறுப்பினர்கள் இருவரோடு அங்கே இருந்தார். விசாரணை அதிகாரி கதவைத் திறந்து வெளியே வந்தபோது, எர்மெக் அவரிடம், "எங்க மச்சான் ஊருக்கே தெரிஞ்ச கேலிக்காரர் சார். அவர் சொல்றத எழுதினா மேல படிக்கிறவங்க சிரிப்பாங்க" என்றார்.

நான் கைகளை ஏந்தி, காலமான என் மாமியாருக்காக, அதாவது எர்மெக்கின் தாயாருக்காக, "எங்கம்மா இருக்குற எடம் வெளிச்சமா இருக்கட்டும், மண்ணு அவங்களுக்கு மெத்தையா இருக்கட்டும், அவங்க பேரன் மிர்லான் பத்திரமா வீடு வந்து சேரட்டும்" என்று சத்தமாக ஓதினேன். எர்மெக்கின் கைகள் மேலே போயின. உறுப்பினர்கள் இருவரும் ஏந்தினார்கள். வாசலில் நின்ற காவலர் தேநீரை ஜன்னலில் வைத்துவிட்டு ஏந்தினார். விசாரணை அதிகாரியும் வழக்குக் காகிதங்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏந்தினார். ஓமின் என்றேன். எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டோம்.

அதன் பிறகு நான், "மாப்ளே, இப்ப எதுக்குச் சம்மதிச்சே?" என்று கேட்டேன். எர்மெக் கைகளைக் கொஞ்ச நேரம் முகத்திலேயே வைத்திருந்தார்.

நான் அந்தத் துஆவை விளையாட்டுக்கு ஓதவில்லை. என் மாமியார் எனக்குச் சோறு போட்டவர். எல்லாவற்றையும் கேலி செய்வேன், அதை மட்டும் செய்ய மாட்டேன்.

வராந்தாவில் நடந்ததையும் எழுதத்தான் வேண்டுமா என்று விசாரணை அதிகாரி கேட்டார். எழுத வேண்டும் என்றேன். அவர் ஜன்னல் வழியாக மலைப் பக்கம் பார்த்துவிட்டு எழுதினார்.

டாக்டரம்மா அன்று கை ஏந்தியது மழைக்கும் மந்தைக்கும் பிள்ளைகளுக்கும்தான், மின் நிலையத்துக்கு அல்ல. நான் சொன்னதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என்னை யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. மிரட்டியவர் வேறு மாதிரி சொல்லச் சொன்னார்.

(ஒப்பம்) தொக்தோசுன் ஜுமாலி

சாட்சி சொல்லச் சொல்ல என்னால் எழுதப்பட்டது. வராந்தாவில் நடந்ததாக அவர் கூறியது சரி. நானும் கை ஏந்தினேன், எதற்கும் சம்மதிக்கவில்லை. மலையிடுக்கு வாயில் உள்ள ஆட்கள் அனைவரையும் உடனே படுகையிலிருந்து மேட்டுக்கு ஏற்றும்படி தொலைபேசியில் உத்தரவிட்டுள்ளேன். அவர்களை அழைத்துவர, புகார்தாரர் எர்மெக் தாமாகவே, சாட்சியின் ஜீப்பில் சாட்சியுடன் புறப்பட்டுப் போயிருக்கிறார்.

(ஒப்பம்) விசாரணை அதிகாரி