கோயில் வாசலில் ஒரு கூடை முந்திரிகை

— மீன்சந்தையில நிண்டு கத்திறமாதிரிக் கோயில் வாசல்ல கத்தினீங்களே, என்ர மாதாவே, முகத்தை எங்க வைக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை.

— ஏலம் கூறினாக் கத்தத்தானே வேணும், டோறின்? காதுக்குள்ள குசுகுசுக்கிற விசயமே?

— இது எங்கட ஊர் இளவாலை இல்லையப்பா, நியூசிலாந்து ஹெண்டர்சன். ஒக்லண்டில ஆர் பூசை முடிய ஏலம் கூறுகினம்?

— எனக்கென்ன தெரியும்? முதல் குலை கோயிலுக்கு, பூசை முடிய வாசல்ல ஏலம். வேதக்காரர் எண்டா உலகம் முழுக்க அப்பிடித்தான் எண்டெல்லோ நினைச்சன்.

— சுவாமியாரிட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்.

— கேட்டன். முந்திரிகைப்பழம், அதுதான் கிரேப்ஸ், கொண்டரட்டோ எண்டன். ஓம், கொண்டா எண்டார். ஏலத்தைப் பற்றி அவர் கேக்கேல்லை, நான் சொல்லேல்லை.

— மனுசன் பூசை உடுப்போட வாயைப் பிளந்துகொண்டு நிண்டது. சரி, அதை விடுங்கோ. அது ஆற்ற பழம்?

— குருவி தின்னிற பழம்.

— யோகராஜா!

— சரி, எங்கட முதலாளி அன்டேக் கிழவன்ர பழம்.

— இந்தமுறை ஒரு குலையும் வெட்டவேண்டாமெண்டு மகன்காரன் டொமினிக் சொன்னவனெல்லே?

— ஓம். நாளைக்கு ட்ராக்டர் வந்து எல்லாத்தையும் வேரோட இழுக்கப்போகுது. பிறகு வெட்டினா என்ன, விட்டா என்ன?

— அவனிலையும் பிழை சொல்லேலாது. நாடு முழுக்க வைன் கூடிப்போச்சு, கொடியை அழிச்சாக் காசு தாறமெண்டு அரசாங்கமே சொல்லுது. பெரிய கொம்பனியள் தண்ணி விலைக்கு விக்குது. நியூ லின்னில நான் வேலை செய்யிற கடைக்குப் பக்கத்துப் போத்தல்கடையைப் பாருங்கோ, சனம் பெட்டி வைனைத்தான் தூக்கிக்கொண்டு போகுது. கிழவன்ர ஷெரி வைனை ஆர் திரும்பிப் பாக்கிறான்?

— மற்ற வரிசையள் போகட்டும். நான் பழம் வெட்டின முதல் வரிசை அப்பிடியில்லை. கிழவன்ர தகப்பன் டல்மேசியாவிலயிருந்து கப்பலேறி வந்து, வடக்கில சேத்துக்குள்ள கம்பி குத்திக் குத்தி, கவுரி மரத்துப் பிசின் கிண்டி வித்து வாங்கின காணி இது. டாலிகாரன் டாலிகாரன் எண்டு ஊர் நக்கலடிக்க நட்ட கொடி. சாராயமும் வேண்டாம் வைனும் வேண்டாமெண்டு சனம் வாக்குப்போட்ட காலத்திலயும் அந்தாள் வெட்டேல்லை.

— இவ்வளவும் உங்களுக்கு ஆர் சொன்னது?

— கொடி கத்தரிக்கேக்க கிழவன்தான். அதின்ர இங்கிலீசு பாதி, என்ர இங்கிலீசு பாதி. ரெண்டும் சேந்தா ஒரு முழுக்கதை வரும்.

— கதை நல்லாத்தான் இருக்கு. கொடி போனாக் காணியைத் துண்டுபோட்டு விப்பாங்கள். உங்கட வேலையும் போம், அவை தந்த இந்த வீடும் போம். இந்த நேரத்தில போய் அவையளைச் சபையில வைச்சுச் சந்தி சிரிக்கப்பண்ணிப்போட்டு வந்திருக்கிறியள்.

— டோறின், ஊரில சண்டைக்குள்ள எங்கட முந்திரிகைப் பந்தல் எரிஞ்ச அண்டு ஒரு குலை வெட்ட நேரம் கிடைச்சுதே? இதுக்காவது கிடைச்சுதெண்டு பாத்தன். அவ்வளவுதான்.

— ...சரி. தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது.

— நீர் சிரிக்கிறீர்.

— சிரிக்காமல்? முதல் சனம் காரடிக்கு நடக்கத் தொடங்கிட்டுது. பிறகு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக் குண்டு மனுசன், காசுக்குப் பதிலா "புகைபோட்ட பண்டித்தொடை ஒண்டு தாறன்" எண்டான் பாருங்கோ!

— அவன் தொடங்க மற்றவன் "ஒரு லொறி விறகு" எண்டான். டாலியளுக்கு ரோசம் வந்தா எங்கட சனம் தோத்துப்போம்.

— அந்த ஒல்லிக் கிழவி கம்பளிச் சட்டை பின்னித் தாறனெண்டுது.

— நீரும் ஏலம் கேட்டனீர்.

— நான் கேக்கேல்லை!

— "ஒரு கடகம் பயத்தம்பணியாரம்" எண்டு பின்னால கேட்டது ஆற்ற குரல்?

— அது... வாய் தவறி வந்திட்டுது.

— பிறகுதானே டொமினிக் எல்லாரையும் இடிச்சுக்கொண்டு வந்து, "கோயில் மண்டபத்துக் கதவை நான் மாத்தித் தாறன்" எண்டான். அதோட ஏலம் முடிஞ்சுது.

— உங்கட வாயை மூடத்தான் அவன் வாங்கினது. முகம் கறுத்துக்கிடந்தது. கூடையை ட்ரக்கில வைச்சு, தேப்பனையும் ஏத்திக்கொண்டு போனான்.

— கிழவன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுது. அதை நீர் பாக்கேல்லை.

— பாத்தன். அதுதான் எனக்கு இன்னும் பயமாக் கிடக்கு... பொறுங்கோ, ட்ரக் சத்தம்.

— கிழவனோ?

— டொமினிக். கையில உங்கட கூடை. மாதாவே, வீட்டை விட்டு எழும்பச் சொல்லப்போறான்! நீங்கள் சேட்டைப் போடுங்கோ, முதல் நான் போய்க் கதைக்கிறன்.

— டோறின்! வாசல்ல இவ்வளவு நேரமா என்ன கதை? உள்ள வாரும்... என்னவாம்? ஏன் அழுறீர்?

— ஆர் அழுதது? கூடை வெறுங்கூடை. ட்ரக்குக்குள்ளயே தொடங்கிக் கிழவன் ஒரு பழமும் மிச்சம் விடேல்லையாம்.

— அதைச் சொல்லவே வந்தவன்?

— இல்லை. உங்களைக் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு வரட்டாம். வாற வருசமும் கோயில்ல ஏலம் கூற எந்த வரிசையை இழுக்காமல் விடவேணுமெண்டு நீங்கள் காட்டுமட்டும் ட்ராக்டர் படலைக்கு வெளியாலதான் நிக்குமாம்.