சத்தமில்லாமல் வந்த குதிரை

என் பெயர் முகத்ரா, தகப்பனார் பெயர் பித்தூஸ், வயது முப்பத்தொன்று. திராக்கிய நாட்டில் பிறந்தவன். ரைன் நதிக்கரைக் கோட்டையில், ரோமப் படையில், லோங்கினஸ் தலைமையிலான குதிரைப் பிரிவில் இருந்து வருகிறேன். வலது தொடையில் ஈட்டிக் காயம் உள்ளதால் உட்கார்ந்தபடியே சொல்கிறேன்.

என் பிரிவைச் சேர்ந்த டிசாலா, தன் குதிரையின் வெள்ளிப் பூச்சு அணிகளைக் கழற்றிக்கொண்டு எதிரியிடம் ஓடிவிட்டதாக வழக்கு என்பதை நேற்றுதான் அறிந்தேன். அப்படி எழுதப்பட்டால் அவனுக்குக் கல் நட மாட்டார்கள், அவனோடு வாழ்ந்த வெலுதாவையும் பிள்ளையையும் கோட்டை வாசல் குடிசையிலிருந்து துரத்துவார்கள். அவன் ஓடவில்லை.

சம்பவத்தன்று காலை நாங்கள் இருவரும் அக்கரைக்கு ரோந்து போனோம். ரோந்துக்குக் குதிரைமேல் அந்த அணிகளை, அதாவது வட்டத் தகடுகளையும் பிறைத் தொங்கல்களையும், மாட்டும் வழக்கமில்லை, குதிரை நடந்தால் கலகலக்கும். அக்கரை ஊர்க்காரர்கள் பார்த்துப் பயப்படட்டும் என்று தலைவர் லோங்கினஸ் அன்று எல்லாவற்றையும் மாட்டச் சொன்னார். அவர் இங்கேயே நிற்கிறார், மறுக்கட்டும். டிசாலா மட்டும், "என்னண்ணே, ரோந்துக்குப் போறமா, பொண்ணு பாக்கப் போறமா?" என்றான். சிரித்தேன்.

அதன் பிறகு பனி இறங்கியது. எங்களுக்கு யாரும் தெரியவில்லை, எங்கள் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மேட்டிலிருந்து ஈட்டிகள் வந்தன. என் குதிரை விழுந்தது, எனக்குத் தொடையில் பட்டது. டிசாலா என்னைப் புதருக்குள் இழுத்துப் போட்டுவிட்டுத் தன் குதிரையின் அணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். அதன் பிறகு கழுத்தில் கட்டியிருந்த சிவப்புத் துணியைக் கிழித்து, அந்தக் கீற்றுகளால் அணிகளைத் தன் இடுப்பிலும் முழங்காலிலும் முடிந்துகொண்டான். எனக்குக் காய்ச்சல் கண்டுவிட்டதோ என்று நினைத்தேன். என்னைக் குதிரைமேல் ஏற்றினான்.

"சத்தம் என்னோட வரட்டும்ணே. நீங்க வாயைப் பொத்திக்கிட்டுப் போங்க. முனகுனீங்க, நானே திரும்பி வந்து குத்துவேன்."

அதன் பிறகு அவன் மேட்டுப் பக்கம் ஓடினான். குதிரை ஒன்று ஓடுவது போலவே கேட்டது. அவர்கள் கூச்சலிட்டுக்கொண்டு அந்தச் சத்தத்தின் பின்னால் போனார்கள். குதிரை என்னை ஆற்றுப் பக்கம் கொண்டுபோனது. அதன் பிறகு சத்தம் நின்றது. எவ்வளவு நேரம் கேட்டது என்று சொல்லத் தெரியவில்லை. நின்றது நன்றாகத் தெரியும்.

ஆற்றுத் துறையில் மயங்கி விழுந்தேன். குதிரை மட்டும், அணி எதுவுமின்றி, ஆற்றை நீந்திக் கோட்டைக்கு வந்திருக்கிறது. அதை வைத்துத்தான் அவனைத் திருடன் என்கிறீர்கள். என்னை மீனவர்கள் எடுத்து வைத்திருந்தார்கள், நினைவு திரும்பியதும் கொண்டுவந்து விட்டார்கள்.

அக்கரை வியாபாரியிடம் பிடித்த தகட்டை இப்போது எனக்குக் காட்டினீர்கள். பின்புறம் 'லோங்கினஸ் பிரிவு, டிசாலாவுடையது' என்று புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கிறது. வளையத்தில் ஒட்டியிருப்பதை எழுத்தர் அழுக்கு என்றார். அழுக்கல்ல, சிவப்புத் துணி முடிச்சு. குதிரைக்குத் தோல் வாரில்தான் மாட்டுவோம். விற்கப் போகிறவன் மூட்டையாகக் கட்டுவான், உடம்பில் ஒவ்வொன்றாக முடிந்துகொள்ள மாட்டான். எனக்கு அவன்மேல் கோபம் உண்டு. என்னைக் கேட்காமல் என்னைப் பிழைக்க வைத்துவிட்டான்.

மேலே சொன்னதைப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. எனக்கு எழுதத் தெரியாது, அணித் தகடுகளில் எங்கள் பெயர்களைக் குத்திய பழக்கம் மட்டும் உண்டு. தகட்டில் குத்துவது போல ஊசியால் என் பெயரை இதன் அடியில் குத்தியிருக்கிறேன். பக்கத்தில் அவன் பெயரையும் குத்தியிருக்கிறேன். பெயரை அடித்து நீக்க வேண்டுமானால் இரண்டையும் சேர்த்து அடிக்கவும்.

முகத்ரா
டிசாலா