ஒரு கூடை கறுப்பு மண்

— கூடையைக் கீழ வை, பெனியா. வைடாங்கறேன்! கூடப்பொறந்தவ கிழங்குக் குழியிலயே மண்ணு திருடுறியா?

— ஒரு கூடைதானே, மரேவேக்கா. உன் குழி மட்டும் கறுகறுன்னு இருக்கு. என் குழியில பபாய்க் கிழங்கு இலை பூரா மஞ்சளாயிருச்சு.

— அதுக்கு நானா ஆளு? பௌர்ணமி அன்னைக்குக் கரை தாண்டி வந்த கடலைக் கேளு. புகையைக் கக்கி வெயிலை ஏத்தி, கடலைப் பொங்க விட்டானுங்களே, அவனுங்களைக் கேளு. நீ தளம் கழுவின கப்பலும்தான் கக்குச்சு!

— அவனுங்க காதுல ஏறாது. அதான் உன்னைக் கேக்குறேன். குழிக்கு என்னென்ன இலை போடுறே? அப்பா உனக்கு மட்டும்தானே சொன்னாரு.

— ஒரு பிள்ளைக்குத்தான் சொல்லணும். சாகும்போது கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கினாரு. நீ அப்ப எங்க இருந்தே?

— கப்பல்ல சம்பாதிக்கப் போனேன். குத்தமா?

— மண்ணைத் திருடுறதுதான் குத்தம். இலையை நறுக்கி, காயவச்சு, செடிக்குச் செடி அடியில்லாத கூடை பின்னி, அதுல கொட்டிக் கொட்டி வளர்த்த மண்ணுடா இது! என் மக கல்யாணத்துக்கு இந்தக் கிழங்கைத்தான் வைக்கப்போறேன். ஊரே வாயைப் பிளக்கணும்.

— பிளக்கும். தலைநகரு தராவாவுலேர்ந்து கப்பல்ல வர்ற அரிசியையும் டப்பா மீனையும் பார்த்து.

— வாயைக் கழுவுடா!

— நீ முதல்ல வாயை நனை. இந்தா, உன் குழித் தண்ணி. குடி.

— எதுக்கு?

— குடி அக்கா!

— த்தூ... கரிக்குது. ஐயோ, என் குழியிலயுமா?

— மேலதான் குழி தனித்தனி. அடியில தண்ணி ஒண்ணுதான். எங்க குழியிலெல்லாம் மண்ணு செத்துப்போச்சு, பெய்யிற மழை நிக்கமாட்டேங்குது. உப்பு வராம இருக்குமா? எல்லாருமாச் சேர்ந்து எல்லாக் குழியிலயும் உன் மண்ணு மாதிரி ஏத்தினா நல்ல தண்ணி கொஞ்ச காலமாவது நிக்கும். நீ ரகசியத்தைக் கட்டிக்கிட்டு அழு. இந்தா, உன் மண்ணைக் கொட்டிட்டுப் போறேன்.

— கொட்டினே, கையை ஒடிச்சிருவேன்! ஊர் மன்றத்துக்குத் தூக்கிட்டு நட. எல்லாரையும் வரச்சொல்லு, அந்த வாயாடி தெரேசியாவையும் சேர்த்து. சத்தியம் மீறின பாவம் என் தலையிலயே விடியட்டும். முதல் இலை ஈரப்பலா. பறிக்கக்கூடாது, தானா பழுத்து விழுந்ததுதான்.