குக்கருக்கு ஒரு மெமோ

“குக்கர் விசில் அடிச்சதுக்கு எனக்கு மெமோ குடுத்திருக்காங்க மேடம்.”

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இருவர் கழுத்திலும் கல்லூரி அடையாள அட்டை. பேசியவர் இளையவர், அவர் மடியில் ஒரு பிரஷர் குக்கர்.

“கிளாஸ்லயா சமைச்சீங்க?”

“பிசிக்ஸ்தானே மேடம்? அழுத்தம் கூடினா கொதிநிலை ஏறும்னு போர்டுல எழுதிப் போட்டா யாரு கேக்கறா? பருப்பு வெச்சேன். இதுவரைக்கும் வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பொண்ணு, ‘அப்ப கொடைக்கானல்ல பருப்பு வேக ஏன் மேடம் அவ்ளோ நேரமாகுது?’ன்னு கேட்டா. அப்புறம் எல்லாரும் சேந்து உக்காந்து சாப்பிட்டோம்.”

“ஹெச்ஓடி சும்மா விட்டாரா?”

“விசில் கேட்டு ஓடி வந்தார். ‘இது கிளாஸா, மெஸ்ஸா?’ன்னார். ‘ஒரு வாய் சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க சார்’னேன்.”

“நீங்க கெஸ்ட் லெக்சரர். அடுத்த வருஷம் கூப்பிடலேன்னா என்ன பண்ணுவீங்க? பேசாம மன்னிப்புக் கேட்டுடுங்க. நாளைக்குப் புஸ்தகத்தோட மட்டும் வாங்க.”

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறிக் குலுங்கியது. இளையவர் குக்கரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“நாளைக்கு பி செக்‌ஷனுக்கு இதே பாடம் மேடம். அவங்களை மட்டும் பட்டினி போடவா?”