எப்ப போகும் கரண்ட்?

கரண்ட் போகாதா என்று ஏங்கின ஒருத்தியை இன்றைக்குத்தான் பார்த்தேன். வேங்கிக்கால் போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டு.

"மூணு நாளா எப்ப போகும், எப்ப போகும்னு காத்துனு இருந்தேன்க்கா."

பக்கத்தில் இருந்தவள் திரும்பினாள். "ஏண்டி, நல்லாத்தானே இருந்தே?"

"அடி அண்ணாமலை கிராமத்துல எங்க தெரு மொத்தத்துக்கும் ஒரு கம்பெனி சோலார், பேட்டரி வெச்சிருக்குக்கா. சாமான் அவங்களுது, ரிப்பேரும் அவங்களே. நமக்கு மாசக் கட்டணம் மட்டும்தான். ஊர்ல கரண்ட் போனாலும் என் மாவுக்கடை கிரைண்டர் நிக்காதுன்னாங்க. பாக்கணும்ல?"

"அப்புறம், போச்சா?"

"நேத்து போச்சாம்க்கா! ரெண்டு மணி நேரம்! பக்கத்துத் தெரு பொம்பளைங்க ஊறவெச்ச அரிசியத் தூக்கினு வந்து என் கடையில வரிசையா நின்னப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது!"