மல்லாட்டைக் கொல்லையில் படுத்தவர்கள்

வெடித்த சத்தம் காதில் விழுந்துவிட்டால் உயிர் தப்பியாச்சு. இதைத்தான் நம்பினேன். சாமி சத்தியமாக நம்பினேன்.

“படுங்கோ! படுங்கோ!”

கத்துவது நான்தான். இடம், திண்டிவனத்துக்கு வெளியே. நேரம், பகல் ஒரு மணி. எங்கோ விசில் ஊதுகிறது. மல்லாட்டைக் கொல்லைக்குள், நிலக்கடலைச் செடிகள் மேல், குப்புற விழுகிறேன். வாயெல்லாம் மண். பக்கத்தில் மனைவி புஷ்பம். அவளுக்கு அந்தப் பக்கம் அவள் தம்பி நேசன். சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவன். பிரஷ்ஷோடு விழுந்திருக்கிறான். புஷ்பத்தின் கன்னத்தில் நீலக் கோடு.

டும். நிலம் ஒருமுறை தூக்கிப் போடுகிறது.

“எழும்புங்கோ! ஓடுங்கோ!”

மூவரும் வீட்டுக்குள் ஓடுகிறோம். கட்டிலுக்கு அடியில் நுழைகிறேன். தலை போகிறது. தொப்பை போகவில்லை. பாதி நான் உள்ளே, பாதி நான் வெளியே.

அது கல்குவாரி. பாறைக்கு வெடி வைக்கிறார்கள். அகதி முகாமை விட்டு வாடகை வீட்டுக்கு வந்த முதல் நாள் அது எங்களுக்குத் தெரியாது. கடல் வழியாக ஆமி வந்துவிட்டது என்று நினைத்தேன். பெயின்ட் அடித்துப் பிழைக்கிற என்னைப் பிடிக்க ஒரு படையே திண்டிவனம் வருகிறதாம். அவ்வளவு பெரிய ஆள் நான்.

கொல்லை, பக்கத்து வீட்டு ஏழுமலையுடையது. வரப்பில் நின்று சிரித்தான்.

“இன்னாண்ணே, எங்க மல்லாட்டைய இன்னாத்துக்குக் கட்டிப் புடிச்சிக்கினு கெடந்தீங்க?”

“களை பிடுங்கினன் தம்பி.”

“படுத்துக்கினேவா?”

“எங்கட ஊரில அப்பிடித்தான்.”

குவாரி என்று தெரிந்த பிறகும் விழுந்தோம். விசில் ஊதினால் விழுவோம். வெடித்தால் எழும்பி ஓடுவோம். உடம்புக்கு யார் போய்ச் சொல்வது?

வன்னியில் ஷெல்லுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் ஏவுகிற இடத்தில், தூரத்தில், குத்தும். டுப். பிறகு கூவிக்கொண்டு வரும். கூவினால் படு. வெடித்தால் எழும்பு. அடுத்தது வருவதற்குள் பங்கர்க் குழிக்கு ஓடு. படுத்தே கிடந்தவர்கள் அடுத்ததில் போனார்கள்.

அம்மா அப்படித்தான் போனாள். கஞ்சிக்கு வரிசையில் நிற்கிறோம். குத்துகிறது. கூவுகிறது. படுக்கிறோம். வெடிக்கிறது. நான் எழும்பி ஓடுகிறேன். அம்மா எழும்பவில்லை. கஞ்சிக் கிடாரம் கவிழ்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். அடுத்தது அங்கேயே விழுகிறது. கஞ்சி சிவப்பாக ஓடியது. ஒரு கைதான் கிடைத்தது. காப்பை வைத்து அடையாளம் கண்டேன்.

புஷ்பத்தின் அப்பாவும் அம்மாவும் பங்கருக்குள் இருந்தார்கள். பங்கர் மேலேயே விழுந்தது. கையால் மண்ணைக் கிண்டினோம். நகங்கள் பிய்ந்தன. ஒரு கால் தட்டுப்பட்டது. இழுத்தேன். நேசன். மூச்சு இருந்தது.

அன்றிலிருந்து நான் கத்தினால் அவன் செய்வான். ஏன் என்று கேட்க மாட்டான். “அத்தான் சொன்னாச் சரி.” புஷ்பத்தின் வீட்டில் மிஞ்சியது அவன் ஒருவன். அவனை உயிரோடு வைத்திருப்பதுதான் என் உத்தியோகம். பெயின்ட் எல்லாம் பொழுதுபோக்கு.

குவாரிக் குழி மெல்ல மெல்ல எங்கள் பக்கம் நகர்ந்து வந்தது. சத்தம் கூடியது. வீட்டுச் சுவரில் கீறல் விட்டது. ஏழுமலையின் சிரிப்பு குறைந்தது.

அன்றைக்கும் பகல்தான். ஏழுமலையோடு சேர்ந்து மல்லாட்டை பிடுங்குகிறோம். விசில். “படுங்கோ!” விழுகிறோம். இந்தத் தடவை ஏழுமலையும் விழுகிறான். எனக்குள் ஒரு அற்பச் சந்தோஷம். கடைசியில் உள்ளூர்க்காரனும் என் கட்சிக்கு வந்துவிட்டான்.

டும். பற்கள் அடித்துக்கொள்கின்றன.

“எழும்புங்கோ! ஓடுங்கோ!”

“ஏந்திரிக்காதீங்க! கல்லு வருது, கல்லு!” ஏழுமலை கத்துகிறான்.

நேசன் யார் சொல்லைக் கேட்பான்? ஓடத் தொடங்கிவிட்டான்.

ஷெல் வெடித்த சத்தத்தோடு அதன் வேலை முடிந்துவிடும். குவாரி வெடி அப்படி இல்லை. முதலில் சத்தம். பிறகு கல். மேலே போய், திரும்பி, இறங்குகிறது. மண்ணில் தொப் தொப்பென்று விழுகிறது. ஒன்று மட்டும் மண்ணில் விழவில்லை. அந்தச் சத்தம் வேறு. தேங்காய் பிளப்பது போல. நேசன் எனக்கு முன்னால் முகம் குப்புறக் கிடக்கிறான். தலையின் பின்பக்கம் இல்லை. பிடுங்கிய செடி கையில் இருக்கிறது. கால்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

புஷ்பம் அவனைப் புரட்டி மடியில் போட்டாள். சேலைத் தலைப்பைச் சுருட்டி அந்தப் பள்ளத்தில் அடைத்தாள். ரத்தம் நிற்கவில்லை. என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“ஆரப்பா எழும்பச் சொன்னது?”

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அறுத்து, வெள்ளைத் துணியில் கட்டித் தந்தார்கள்.

வன்னியில் இழந்தது: என் அம்மா. புஷ்பத்தின் அப்பா. புஷ்பத்தின் அம்மா. ஒரு வீடு, ஒரு கிணறு, இரண்டு மாடு.

திண்டிவனத்தில் இழந்தது: நேசன்.

கொல்லையில் அவன் படுத்திருந்த இடத்தில் ஒரு கல்லும் விழவில்லை.